‘இஞ்சாரும்’ என்ற கோப்பு

அலவாங்கின் கூர்முனையை ஆமைப்பூட்டின் வளையத்துக்குள் கொடுத்து, முழு உடம்பையும் சாய்த்து ஒரு நெம்பு நெம்பினாள் சிவகௌரி. பூட்டு அசையவில்லை. பூட்டைப் பிடித்திருந்த நாதாங்கிதான் நான்கு ஆணிகளோடும் பிடுங்கிக்கொண்டு வந்து, சீமெந்துத் தரையில் ‘டங்’ என்று விழுந்தது.

எது கழன்றால் என்ன? கதவு திறந்துவிட்டது!

மணி பத்தேகால். குகதாசன் மாஸ்டர் வீட்டை விட்டுப் போய்ச் சரியாகப் பதினைந்து நிமிஷம். ஏதோ ஒரு வயர் வாங்க யாழ்ப்பாணம் போயிருக்கிறார். முன்னால் ஸ்கூட்டரில் நிஷானி, பின்னால் மோட்டார் சைக்கிளில் அவர். இரண்டு வண்டியில் போனால் மல்லாகம் சனம் ஒன்றும் கதைக்காது என்று நினைப்பு! போய்வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அது போதும். தன் வீட்டு வளவுக்குள், தன் கண் முன்னால், தன் புருஷனைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பெட்டிக்குச் சமாதி கட்ட அவளுக்கு ஒரு மணித்தியாலம் தாராளம்.

உள்ளே காலெடுத்து வைத்தாள். வெளியே ஆடி மாதத்து வெய்யில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருக்க, உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. ஏசி! கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்கு வாய்த்தது ஒரு மேசை விசிறி. அதுவும் கழுத்துச் சுளுக்கிய விசிறி, ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும். ஒரு இரும்புப் பெட்டிக்கு ஏசி!

போன தைமாதம் வரைக்கும் இது மாஸ்டரின் ரியூசன் கொட்டில். கணிதம் படிக்க நாற்பது பிள்ளைகள் வந்து போன இடம். மாசி மாதம் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு, வாங்குகளைச் சுவரோரம் அடுக்கினார். மறுகிழமை நிஷானி வந்தாள்.

நிஷானி வேறு யாருமில்லை. தெல்லிப்பழை நேசையாவின் மகள். இதே கொட்டிலில் முன்வாங்கில் இருந்து படித்தவள். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பனியில் கம்பியூட்டர் எஞ்சினியர். இருபத்தொன்பது வயது, இன்னும் கலியாணம் இல்லை. கடைசி இரண்டும் சிவகௌரி மனதுக்குள் அடிக்கோடிட்டு வைத்திருந்த விபரங்கள்.

வந்த அன்றைக்கே தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னாள் அந்தப் பெட்டை.

“மனுசற்றை மனசை அப்பிடியே ஒரு மெசினுக்கை மாத்திறது இண்டைக்கு ஏலாது அன்ரி. ஆனால் இன்னும் இருபது வருசத்திலை ஏலும் எண்டு நிறையப்பேர் நம்பினம். அப்ப மாத்தவேணுமெண்டால், இப்பவே சேமிச்சு வைக்கவேணும். மூளையிலை ஓடுற மின்சாரத்தை இந்தத் தொப்பி பதியும். கதைக்கிறதையெல்லாம் பெட்டி பதியும்.”

“அப்ப செத்தாப்பிறகும் பேய் மாதிரிக் கதைச்சுக்கொண்டிருக்கலாம் எண்டுறீர்.”

“கதைக்கிறது மட்டுமில்லை அன்ரி. இருக்கலாம்.”

“சேருக்கு இதிலை நல்ல விருப்பம்” என்றும் சொன்னாள். மாஸ்டர் தலையைக் குனிந்தபடி ஓம் என்றார்.

முதல் மாதம் சிவகௌரியையும் தொப்பி போட வைத்தார்கள். மாஸ்டர் சொல்கிற சங்கதிகள் சரியோ பிழையோ என்று ஒத்துப்பார்க்க வேண்டுமாம். அவளும் நம்பிப்போய் வயர்களுக்கு நடுவே இருந்து, கூழ் காய்ச்சுவதிலிருந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்த கதை வரைக்கும் ஒன்றும் விடாமல் ஒப்பித்தாள். பங்குனி முடிய, “அன்ரி, உங்கடை பகுதி காணும்” என்றாள் நிஷானி. அன்றோடு கதவுக்குப் பூட்டு வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் மாஸ்டர் வெளியே வருவார். கண் சிவந்திருக்கும். கேட்டால் ஏசிக் குளிர் என்பார்.

சிவகௌரிக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கு விளங்கிற்று. தான் செத்துக் கீரிமலைக் கடலில் சாம்பலாய்க் கரைந்த பிறகும் இந்த மனுஷன் பெட்டிக்குள் சாவில்லாமல் குந்தியிருப்பார். பக்கத்தில் நிஷானி! ஒரு பிறவிக்குத்தான் தாலி. பெட்டிக்குள் இருக்கிற பிறவிக்கு யார் பெண்சாதி?

இந்த நெருப்புக்குப் பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி தாராளமாக எண்ணெய் ஊற்றினாள்.

“கௌரியக்கா, உங்கடை மாஸ்டரைத் தெல்லிப்பழைச் சந்தியிலை கண்டனான். நேசையாவின்ரை பெட்டையும் பக்கத்திலை நிண்டவள். ரண்டு பேரின்ரை முகமும் சரியில்லை.”

“அவளின்ரை வீடு அங்கைதானே. கண்டிருப்பினம்.”

“ஓமோம், கண்டிருப்பினம். மூண்டு தரம் கண்டிருப்பினம்” என்று வேலிக்கு மேலால் சிரித்தாள் பாலேஸ்வரி. “நீங்களும் யோசிச்சு யோசிச்சு ஈர்க்கு மாதிரி ஆகிப்போனியள்.”

அது உண்மைதான். சட்டைகள் எல்லாம் தொளதொளத்துவிட்டன. சோறு இறங்குவதில்லை. மாஸ்டர் வயிற்றுப்புண்ணுக்கென்று வெள்ளை உறையில் போட்டுத் தருகிற குளிசையை விழுங்கிவிட்டு, கொட்டில் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பதே அவளுக்குத் தொழிலாகிவிட்டது.

ஆனாலும் அலவாங்கு தூக்கும் அளவுக்கு அவள் போனது நேற்றுத்தான். தேத்தண்ணி கொண்டுபோய்க் கதவைத் தட்டப்போன கை அந்தரத்தில் நின்றது. உள்ளே மாஸ்டரின் குரல். கலியாணமான புதிதில் கேட்ட, குழைந்த குரல்.

“இஞ்சாரும்… நான் சொல்லுறதைக் கேளும்…”

இஞ்சாரும்!

மல்லாகத்தில் எந்தப் புருஷனும் பெண்சாதியைப் பேர்சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் ‘இங்கே பாரும்’ என்பதைச் சுருக்கி ‘இஞ்சாரும்’ என்பார், இவள் ‘இஞ்சாருங்கோ’ என்பாள். முப்பத்துமூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. அது சொல் இல்லை, அவளுடைய பேர். தாலியைக் கழற்றிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டாள். அந்தச் சொல்லை உள்ளே இருக்கிற ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாரே பாவி மனுஷன்!

இப்போது அவள் மேசைக்கு முன்னால் நின்றாள். கறுப்புப் பெட்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. திரை விழித்திருந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு கோப்பு. அதன் பேரைத் தமிழில் அடித்திருந்தார்கள்.

‘இஞ்சாரும்.’

அட! ஒளித்து வைக்கக்கூட வெட்கமில்லை. பேரையே போட்டு வைத்திருக்கிறாள்! அதன்மேல் தொட்டாள்.

“இஞ்சாருங்கோ… வந்திட்டியளோ?”

சிவகௌரி துள்ளிப் பின்வாங்கினாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்! நிஷானியின் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மிடுக்கு. செம்புக்குள் வாயை வைத்துக் கதைக்கிறமாதிரி இருந்தது. இந்தக் குரலை எங்கும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

“ஆரடி நீ?” என்றாள்.

“நீ ஆரடி? எங்கடை இவர் எங்கை?”

“எங்கடை இவரோ? ஆற்றை இவர்?”

“இதென்ன கேள்வி? நான் குகதாசன் மாஸ்டரின்ரை மனுசி.”

சிவகௌரிக்குத் தலைக்குள் விர்ரென்றது. “நான்தான்ரி அவரின்ரை மனுசி! முறையாத் தாலி கட்டினவள்!”

“தாலி கட்டினது அவர். கழுத்தைக் குடுத்தது நான்” என்றது குரல், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

“வாயைப் பார் உவளின்ரை! எங்கை, என்ரை கூறை என்ன நிறம், சொல்லு பாப்பம்.”

“அரக்கு. கரையிலை அன்னம். மணவறைக்கு ஏறேக்கை கால் தடக்கினது. அவர் முழங்கையிலை பிடிச்சவர். விடவே இல்லை. ஐயர் இருமினாப்பிறகுதான் விட்டவர்.”

எல்லாம் சொல்லியிருக்கிறார்! ஒன்று மிச்சமில்லாமல்! தங்களுடைய கலியாணத்தை அவிழ்த்து, இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிற வேசக்காரிக்கு உடுத்திவிட்டிருக்கிறார்கள் அவரும் அந்தப் பெட்டையும்!

திரையின் மூலையில் குப்பைவாளிப் படம் இருந்தது. போனில் பாலேஸ்வரியின் வம்புச் செய்திகளை அழித்துப் பழகிய விரல் அதில் போய் அழுத்தியது. ‘முழுவதையும் அழிக்கவா?’ என்று கேட்டது திரை.

“அழி” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். நீலக்கோடு ஒன்று ஊரத் தொடங்கியது. நூற்றுக்கு ஒன்று வீதம். இரண்டு வீதம். கோட்டுக்குக் கீழே ‘நிறுத்து’ என்று ஒரு பொத்தான்.

“எரிச்சல் பிடிச்சவள்” என்றது குரல். அதில் கோபம் குறைந்து, ஏதோ தெரிந்தவளைச் சீண்டுகிற தொனி வந்திருந்தது. “எனக்கும் உப்பிடித்தான் எரியிறது. கலியாணம் முடிஞ்ச முதல் மாசம், அவரோடை கலாசாலையிலை படிச்ச பியாட்றிஸ் எண்டவள் ஒரு கடுதாசி போட்டவள். தபால்காரனிட்டை வாங்கி, அவருக்குக் காட்டாமல் அடுப்பிலை வைச்சனான்.”

சிவகௌரியின் கை திரையிலிருந்து வழுக்கி விழுந்தது.

அந்தக் கடுதாசி மாஸ்டருக்குத் தெரியாது! பங்குனி மாதம் தொப்பியோடு இருந்தபோது, “ஒருத்தருக்கும் சொல்லாததொண்டு சொல்லுங்கோ அன்ரி” என்று நிஷானி கேட்டதற்கு, அவளிடம் மட்டும் சொன்னது. வாசிக்காமலே எரித்தேன் என்று சொன்னாள். சேருக்குச் சொல்லாதையும் என்று சத்தியமும் வாங்கினாள்.

“நிஷானி சொல்லித் தந்தவளோ?” என்று கேட்டாள் சிவகௌரி.

“அவளுக்கு என்ன தெரியும்? வாசிக்காமல் எரிச்சனான் எண்டு அவளுக்குப் பொய்யெல்லோ சொன்னனான். வாசிச்சனான். மூண்டு தரம். முழுக்க நலம் விசாரிச்சிருந்தாள், வேறொண்டுமில்லை. அதுதான் கூட எரிஞ்சது. சும்மா நலம் விசாரிக்க ஒருத்திக்கு ஏன் மூண்டு பக்கம்?”

சிவகௌரி வாங்கின் விளிம்பில் தொப்பென்று இருந்தாள்.

மூன்று தரம். உலகத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. வாயால் வராததைத் தொப்பியின் வயர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கலியாண வீட்டு வீடியோவில் தன் குரலைக் கேட்டு “ஆரிது கத்திறது?” என்று கேட்டவள் அவள். இன்றைக்கும் அதே பிழை! பெட்டிக்குள் இருந்து அவளை ‘டி’ போட்டது நிஷானியும் இல்லை, வேறொருத்தியும் இல்லை.

அவளேதான்.

நிம்மதி வரவேண்டிய இடத்தில், முன்னையதைவிடப் பெரிய நெருப்பு மூண்டது. மத்தியானம் இரண்டு மணி தொடக்கம் ஆறு மணிவரை அவர் இருந்தது இவளோடு. அசல் மனுசிக்குத் தேத்தண்ணி குடிக்கிற நேரம். நகலுக்கு நாலு மணித்தியாலம், ஏசி, குழைந்த குரல்!

“அவர் உம்மோடை என்ன கதைக்கிறவர்?” ‘டி’ எப்போது ‘நீர்’ ஆனது என்று அவளுக்கே தெரியாது.

“எல்லாம் கதைப்பார். அழுவார்.”

“ஆர், எங்கடை இவரோ? தாய் செத்த வீட்டிலையே அழாத மனுசன்.”

“அழுவார் எண்டுறன். ஒவ்வொரு நாளும். ஒரு விசயம் சொன்னவர். உமக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வேறை.”

“எனக்குச் சொல்லக்கூடாததோ? நீர்தானே நான்! சொல்லும்!”

“சொல்லுறன். அது…” குரல் நின்றது. “அது இருந்தது. பொறும், இப்ப இருந்தது… காணேல்லை.”

சிவகௌரி திரையைப் பார்த்தாள். நாற்பத்தாறு வீதம்.

“இஞ்சாரும்” என்றது பெட்டி, பயந்த குழந்தையைப்போல. “எங்கடை அம்மாவின்ரை பேர் என்ன?”

அவள் துள்ளி எழுந்தாள். ‘நிறுத்து’ பொத்தானை நோக்கி விரல் போன அந்த நேரம் பார்த்து, வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமி அணைந்தது. கடை பூட்டியிருந்ததோ என்னவோ, பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்! உடைந்த கதவைக் கண்டு ஓடிவந்தவள் நிஷானி.

“அன்ரி! ஐயோ, என்ன செய்தியள்? நிப்பாட்டுங்கோ அன்ரி, வேறை பிரதியே இல்லை! ஊருலகமெல்லாம் அவவைப் பரப்பி வைக்கவேண்டாம் எண்டு சேர் விடேல்லை!”

“கிட்ட வந்தீரெண்டால் வயரோடை பிடுங்கிப்போடுவன்!”

நிஷானி அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் குகதாசன் மாஸ்டர். ஹெல்மெற்றைக் கழற்ற மறந்துபோய், கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

“உந்தப் பெட்டியை விட்டிட்டு வாரும்” என்றார். “பிறகு ஆறுதலாச் சொல்லுறன்.”

“இப்ப சொல்லுங்கோ. நான் கல்லுமாதிரி வீட்டுக்கை இருக்கேக்கை, உங்களுக்கு இன்னொரு நான் என்னத்துக்கு?”

“உம்மிலை உள்ள விருப்பத்திலை…”

“விருப்பமெண்டால் ஆள் இருக்கேக்கை ஆளோடை இருக்கவேணும். கதவைப் பூட்டிப்போட்டுப் பெட்டியோடை இல்லை!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அவளுக்கு ஏதோ சொல்லியிருக்கிறியள். எனக்கு ஒளிச்சிருக்கிறியள். அவளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லுங்கோ. நிப்பாட்டுறன்.”

அறுபத்தெட்டு வீதம்.

மாஸ்டர் நிஷானியைப் பார்த்தார். “சேர், சொல்லிப்போடுங்கோ” என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. “நான் முதலே சொன்னனான், உது பிழையெண்டு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலையும் அந்த டொக்டர் எத்தினை தரம் சொன்னவர், அவவுக்குச் சொல்லுங்கோ எண்டு.”

“டொக்டரோ? எந்த டொக்டர்?”

எழுபத்தொன்பது வீதம். பெட்டி மட்டும் ஏதோ ஒரு பழைய பாத்திரக் கணக்கை முணுமுணுத்தது: ரெண்டு சட்டி, ஒரு கிடாரம், ஒரு சட்டி.

மாஸ்டர் ஓரடி முன்னுக்கு வந்தார். முப்பத்துமூன்று வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

“இஞ்சாரும்…”

“என்ன, சொல்லுங்கோ” என்றாள் சிவகௌரி.

“என்ன, சொல்லுங்கோ” என்றது பெட்டி.

இரண்டும் ஒரே மூச்சில், ஒரே தொனியில். மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். மனுசியைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்கு இப்போது இரண்டு சொந்தக்காரர்கள். அதை வைத்து இவளை மட்டும் கூப்பிட அவருக்கு வழி இல்லாமல் போய்விட்டது. ஹெல்மெற்றைக் கழற்றி வாங்கில் வைத்தார். பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவளுக்கு நேரே வந்து நின்றார்.

“சிவகௌரி” என்றார்.

அந்நிய ஆளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஆனால் பெட்டி பதில் சொல்லவில்லை. அந்தப் பேரைச் சொல்லி அதை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த அறையில் அந்தப் பேருக்கு உரியவள் ஒருத்திதான். சிவகௌரி நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினாள். நீலக்கோடு எண்பத்தெட்டில் நின்றது.

“இப்ப சொல்லுங்கோ” என்றாள். சத்தம் போடவில்லை. “எனக்கு மட்டும் சொல்லுங்கோ.”

மாஸ்டர் அவளுடைய முழங்கையைப் பிடித்தார்.

“மாசியிலை எடுத்த ஸ்கான்… உமக்கு வயித்துப்புண் எண்டு நான் சொன்னது பொய். கான்சர். ஈரல் முழுக்கப் பரவீட்டுது. இனிச் செய்ய ஒண்டுமில்லையாம், ஆவணி முடியுமட்டும் இருந்தாலே பெரிசாம்.”